ஆறடி ஹோமர்

கேள்வி: ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட் ‘ஆறடிச் செய்யுளில்’ பாடப்பட்டது என்று ஒரு மொழிபெயர்ப்பு நூலின் முன்னுரையில் படித்தேன். மரக்குதிரை அதில் எந்த இடத்தில் வருகிறது? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: குதிரை கிடக்கட்டும். முதலில் அந்த ‘ஆறடி’யைக் கவனிப்போம். ஆறடி என்றால் நமக்கு ஆளின் உயரம், அல்லது ஆள் போனபின் தேவைப்படும் நிலம். செய்யுள் என்று வந்துவிட்டால் ஆறு வரி. இலியட்டோ 15,693 வரி! டிராய்ப் போரை ஆறே வரியில் முடிக்கிறவராக இருந்தால் ஹோமரை நான் துணுக்கு எழுத வைத்திருப்பேன்.

நடந்தது இதுதான். ஹோமரின் யாப்பான ஹெக்ஸாமீட்டருக்கு வரிக்கு ஆறு ‘ஃபுட்’ என்று படித்த முன்னுரைக்காரர், அகராதியைப் புரட்டி ‘அடி’ என்று எழுதிவிட்டார். அவர்களுடைய ‘ஃபுட்’ நம் யாப்பில் சீர். அவர்களுடைய வரிதான் நம் அடி. ஆக, ஹோமருக்கு வரிக்கு ஆறு சீர். ஐந்து சீரைத் தாண்டினால் கழிநெடிலடி என்று நம்மிடம் பெயரே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இலக்கண வகுப்பில் தூங்கியவர்கள்தான் பிற்காலத்தில் முன்னுரை எழுதுகிறார்கள்.

அந்தச் சீரின் பெயர் டாக்டைல். கிரேக்கத்தில் விரல் என்று பொருள். ஆள்காட்டி விரலை நீட்டிப் பாருங்கள்: நீளமாக ஒரு கணு, குட்டையாக இரண்டு. நெடில், குறில், குறில். அதாவது, மாதவி. ‘மாதவி மாதவி மாதவி மாதவி மாதவி வந்தாள்’ என்று சொல்லிப் பாருங்கள், ஹோமரின் சந்தம் பிடிபட்டுவிடும். வீட்டில் கண்ணகி இருந்தால் கொஞ்சம் மெதுவாக. ‘வந்தாள்’ மாதிரி இரண்டும் நீண்ட சீரை இடையிலும் போட்டுக்கொள்ளலாம்; ஹோமர் போடுவார்.

விடியலை அவர் ‘ரோஜா விரலாள்’ என்று அழைப்பதிலும் இதே விரல்தான். சும்மா சும்மா அதையே சொல்கிறாரே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஏட்டைப் பார்க்காமல் பாடுகிறவனுக்குச் சந்தத்தில் பொருந்தும் அடைமொழிகள் கைவசம் இருந்தாக வேண்டும். மில்மன் பாரி என்ற அமெரிக்கர் 1930களில் யூகோஸ்லாவியாவின் நாட்டுப்புறப் பாடகர்களை ஒலிப்பதிவு செய்தே இதைக் காட்டினார். கவியரங்கத்தில் ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை சொல்கிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் கையில் தாள் இருக்கிறது.

குதிரையா? இலியட்டில் இல்லை. டிராய் இளவரசன் ஹெக்டரை எரித்து, எலும்பைப் பொன்பேழையில் வைத்து அடக்கம் செய்வதோடு காவியம் முடிந்துவிடுகிறது. வீரர்கள் ஒளிந்திருந்த அந்த மரக்குதிரையின் கதையை, ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் எட்டாம் காண்டத்தில் டெமொடகஸ் என்ற பார்வையற்ற பாடகன் பாடுகிறான். பாடச் சொன்ன காவிய நாயகன் ஒடிசியஸே அதைக் கேட்டு அழுகிறான்.

கிரேக்க வீரன் அக்கிலீஸுக்குக் குதிகாலில் அடித்தால்தான் சாவு என்ற சமாசாரமும் ஹோமரிடம் கிடையாது. முன்பு ஒருமுறை இதை எழுதியதற்காக ஒரு பேராசிரியர் சந்தாவை நிறுத்திக்கொண்டார். இப்போது நூலகத்தில் இந்தப் பக்கத்தை ஓசியில் படிப்பதாகக் கேள்வி. ஐயா, மறுபடியும் தேடிப் பார்த்துவிட்டேன். குதிகால் இன்னும் வந்து சேரவில்லை.