சிறுநீரக நரம்புக்கு மின்சாரம்: தென்னாப்பிரிக்க டர்பன் வாசகர்களின் கேள்விகள்

ரத்தக் குழாய்க்குள் கரண்ட் விட்டு பிரஷரைக் குறைக்கிறார்கள் என்று மகன் சொல்கிறான். ஷாக் அடிக்காதா டாக்டர்? (சாட்ஸ்வர்த்)

அடிக்காது. தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை (கதீட்டர்) சிறுநீரகத் தமனிவரை கொண்டுபோவார்கள். அந்தத் தமனியின் வெளிச்சுவரில் நரம்புகள் கொடிபோலப் படர்ந்திருக்கும். "உப்பைப் பிடித்து வை, ரெனினை (பிரஷரை ஏற்றும் சுரப்பு) விடு, குழாயைச் சுருக்கு" என்ற கட்டளைகள் அவற்றின் வழியேதான் சிறுநீரகத்துக்கு வருகின்றன. உங்கள் மகன் சொன்னதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. சின்னச் சின்ன மின்துடிப்பு கொடுத்தால் நரம்பு விழிக்கும். ரேடியோ அலை மின்சாரத்தால் சூடேற்றினால் நரம்பு கருகும். பிரஷரைக் குறைப்பது இரண்டாவது. சுடும்போது இடுப்புப் பக்கம் வலிக்கும் என்பதால் மயக்க மருந்தும் வலி மருந்தும் கொடுத்துவிடுவார்கள்.

நரம்பைத் தூண்டினால் பிரஷர் ஏறத்தானே வேண்டும்? (ஃபீனிக்ஸ்)

இந்த முறை வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இது. ஏறத்தான் செய்யும், அதுதான் பயன்! நரம்பு வெளிச்சுவரில் இருப்பதால் எக்ஸ்ரே சாயத்தில் தெரியாது. குழாயின் நுனியை ஓரிடத்தில் வைத்து ஒரு நிமிடம்போலத் துடிப்பு கொடுப்பார்கள். திரையில் 140 என்று நின்ற எண் 150, 160 என்று ஏறினால் அங்கே நரம்பு இருக்கிறது. அந்த இடத்தைச் சுட்டுவிட்டு மறுபடி தூண்டுவார்கள். எண் அசையாவிட்டால் வேலை முடிந்தது. சில இடங்களில் தூண்டினால் பிரஷர் இறங்கும். அவற்றைச் சுடாமல் விடுவது நல்லது.

இந்தத் தேடலை எல்லா இடத்திலும் செய்வதில்லை. தேடாமலே தமனி நெடுகப் பல இடங்களில் சுடுவதும் உண்டு, முதலில் அப்படித்தான் சுட்டார்கள். 2014இல் வெளியான சிம்ப்ளிசிட்டி எச்.டி.என்-3 ஆய்வில் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சராசரியாக 14 புள்ளி குறைந்தது. சுடாமல் போலியாகச் செய்யப்பட்டவர்களுக்கும் 12 குறைந்தது! ஆய்வில் சேர்ந்ததும் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியிருப்பார்கள், மனிதர்கள்தானே. சுட்டது போதவில்லை, செய்தவர்களுக்குப் பழக்கம் போதவில்லை என்றும் பிறகு பேசப்பட்டது.

இப்போது அனுமதி கிடைத்துவிட்டதா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அமெரிக்காவில் 2023 நவம்பரில் இரண்டு கருவிகளுக்குக் கிடைத்தது. ஒன்று ரேடியோ அலையில் சுடுவது, மற்றொன்று அல்ட்ராசவுண்டில். பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் சராசரியாக 4 முதல் 6 புள்ளி கூடுதலாகக் குறைகிறது. ஒரு மாத்திரை கூட்டினது மாதிரி.

கிரியாட்டினின் கூடியவர்கள் செய்துகொள்ளலாமா?

கிரியாட்டினின் கூடினால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். அந்தத் திறன் (ரிப்போர்ட்டில் eGFR) 40க்குக் கீழே போனவர்களைப் பெரும்பாலான ஆய்வுகள் சேர்க்கவே இல்லை. சிறுநீரக மருத்துவரிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

ஆயாவுக்கு மூணு மாத்திரை, இன்னும் 170தான் காட்டுது. இதைச் செய்யலாமா? மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பணம் கொடுக்குமா? (மெர்பேங்க்)

என்னிடம் வந்த ஒரு ஆயா மாத்திரைகளை பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். திறந்தால் தண்ணீர் மாத்திரை (சிறுநீரைக் கூட்டும் பிரஷர் மாத்திரை) மட்டும் கட்டுக் கட்டாக மிச்சம். "டாக்சியில் போறப்ப ஒண்ணுக்கு வந்துட்டா எங்கே இறங்குறது, ஐயா?" என்றார். பலரை ஏற்றிப்போகும் மினிபஸ் டாக்சி ஒருவருக்காக நடுவழியில் காத்து நிற்காது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. போகிற நாளில் வீடு திரும்பியபின் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

முழங்கால் வலிக்கு ஆயா இபுப்ரோஃபென் போடுகிறாரா என்றும் பாருங்கள், அது பிரஷரை ஏற்றும். மாங்காய் ஊறுகாயும் கருவாடும் தட்டில் எவ்வளவு விழுகிறது என்பதையும் கவனியுங்கள். ஆல்டோஸ்டீரோன் (உடலில் உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை, சிறுநீரகத் தமனி அடைப்பு, குறட்டையோடு மூச்சு நிற்கிறதா என்பது ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். இத்தனைக்குப் பிறகும் 170 என்றால் இதய மருத்துவரைப் பாருங்கள். மெடிக்கல் எய்டிடம் முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். ஆனால் முதலில் ஆயாவின் டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.