ஊருணியில் தவளைகளைக் கொண்டுவந்து விட்டால் பெருகுமா?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: அமெரிக்காவில் பண்ணைக்காரர்களோடு சேர்ந்து, அழிந்துவரும் தவளையைத் திரும்ப விட்டார்களாமே, எங்கள் ஊருணியிலும் செய்யலாமா?

அது அரிசோனாவின் சிரிகாவா சிறுத்தைத் தவளை. 2002-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தார்கள். இயற்கையான நீர்நிலைகள் குறைந்துபோய், மாடு தண்ணீர் குடிக்கும் பண்ணைக் குட்டைகளே அதற்குப் புகலிடம். முட்டைகளை எடுத்து ஃபீனிக்ஸ் உயிரியல் பூங்காவில் வளர்த்து, பிறகு நீர்நிலைகளில் விடுகிறார்கள். ஆனால் வளர்ப்பதைவிடப் பெரிய சிக்கல், 'தவளை வந்தால் என் குட்டையை முடக்கிவிடுவார்களோ' என்ற பண்ணைக்காரரின் பயம். அதற்காகவே எழுத்து ஒப்பந்தம் போட்டார்கள்: குட்டையை வழக்கம்போல மாட்டுக்குப் பயன்படுத்தலாம், அதில் தவளைக்குத் தற்செயலாகத் தீங்கு நேர்ந்தாலும் தண்டனை கிடையாது. அப்புறம், வெளியிலிருந்து வந்து இந்தத் தவளையைத் தின்னும் அமெரிக்கக் காளைத்தவளைகளையும் அகற்ற வேண்டியிருந்தது.

நம் ஊருணிக்கா? தயவுசெய்து வேறிடத்துத் தவளையைப் பிடித்துவந்து விடாதீர்கள். தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையும் கூடவே வரலாம். முதலில் தலைப்பிரட்டைகளைத் தின்னும் ஜிலேபிக் கெண்டையை எடுங்கள். நாலு கரைக்கும் சிமெண்ட் பூசாமல் ஒரு பக்கமாவது புல்லோடு இருக்கட்டும். வரத்துக்காலைச் சரிசெய்தால், ஐப்பசி மழையில் பக்கத்துக் கண்மாய்த் தவளைகள் தாமாகவே வர வாய்ப்புண்டு. ஊர் ஒத்துழைக்குமா என்று தயங்க வேண்டாம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை.