கைடை மூடிவிட்டு வரையறையை எழுதுங்கள்

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் தேற்றம் நடத்தும்போது புரிகிறது, தனியாக எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரமாட்டேன் என்கிறது. கைடைப் பார்த்து மனப்பாடம் செய்கிறேன். இது போதுமா?

பதில்: போதாது. செமஸ்டரில் பாஸ் ஆகலாம், அதோடு சரி.

முதல் வரி வராததற்குக் காரணம், வரையறை உங்கள் கையில் இல்லாததுதான். ஒரு முழு எண்ணின் வர்க்கம் இரட்டைப்படை என்றால் அந்த எண்ணும் இரட்டைப்படை என்று நிரூபிக்கச் சொன்னால், பலர் ‘அந்த எண் இரட்டைப்படை எனக் கொள்க’ என்றே ஆரம்பிக்கிறார்கள். எதைக் காட்ட வேண்டுமோ அதையே வைத்துத் தொடங்கினால் காட்டுவதற்கு என்ன மிச்சம்? மாறாக, எண் ஒற்றைப்படையாக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒற்றைப்படை என்றால் 2க+1 (க ஏதோ ஒரு முழு எண்), இதுதான் வரையறை. வர்க்கம் 4க²+4க+1, அதாவது 2(2க²+2க)+1, அதுவும் ஒற்றைப்படை. ஆக, வர்க்கம் இரட்டைப்படை என்றால் எண் ஒற்றைப்படையாக இருக்கவே முடியாது. அவ்வளவுதான் நிரூபணம்.

அப்புறம், நாலு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘எனவே உண்மை’ என்று எழுதாதீர்கள். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டினால், 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வருகிறது. 40ஐப் போடுங்கள், 1681 வரும், அது 41×41. நாற்பது தடவை சரியாக வந்தது ஒன்றுக்கும் உதவவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், ‘எப்போதும் பகா எண்தான்’ என்ற கூற்று தவறு என்று காட்ட இந்த ஒரே 40 போதும், அதற்கு மேல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். உண்மை என்று காட்டத்தான் உதாரணம் போதாது, பொய் என்று காட்ட ஒன்றே போதும். இதைக் குழப்பிக்கொண்டு, எதிர் உதாரணம் கையில் இருந்தும் இரண்டு பக்கம் எழுதுகிறவர்கள் உண்டு.

கல்லூரி வாசலில் விற்கும் ‘முக்கியத் தேற்றங்கள் இருபது’ வகையறாவை வாங்காதீர்கள். நடு வரிகளை விழுங்கிவிட்டு ‘எளிதில் காணலாம்’ என்று போட்டிருப்பார்கள், அந்த இடத்தில்தான் விஷயமே இருக்கும். கோச்சிங் சென்டர்களும் அப்படித்தான், ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வில் நிரூபணம் எழுதச் சொல்வதில்லை என்பதால் அதைத் தொடுவதே இல்லை. போன வருடக் கேள்வியையே திருப்பிக் கேட்கும் தேர்வுமுறை இருக்கும்வரை இந்த வியாபாரம் நடக்கும், எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. சிறுசேரியில் உள்ள சிஎம்ஐ (சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்) மாதிரி இடங்களின் நுழைவுத் தேர்வில் நிரூபணம் எழுதச் சொல்வார்கள், அங்கே போய் நம் பிள்ளைகள் திணறுகிறார்கள்.

தினமும் ஒரே ஒரு தேற்றம் எடுங்கள். வரையறைகளை மட்டும் எழுதிவைத்து, புத்தகத்தை மூடிவிட்டு முயலுங்கள். எழுதியதை வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் வராத வரியிலிருந்து மறுபடி எழுதுங்கள்.