பத்திரத்தில் என் பெயர் வேண்டாமா?

கேள்வி: அக்கா, கல்யாணத்துக்கு முன்னால் கோவையில் ஒரு மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பெங்களூரு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. விடிகாலையில் எழுந்து மாமியாருக்கு இன்சுலின் போட்டு, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளை வேன் ஏற்றிவிட்டுத்தான் எனக்குக் காபி. இப்போது ஃப்ளாட் வாங்குகிறோம். என் பெயரையும் சேருங்கள் என்றால், என் கணவர் "நீ வீட்ல சும்மாதானே இருக்க, உனக்கெதுக்கு?" என்கிறார். நான் கேட்டது தப்பா?
– ஒரு வாசகி, கே.ஆர். புரம்

பதில்: தப்பே இல்லை. அந்த "சும்மா" எவ்வளவு நேரம் என்று மத்திய அரசே 2024-இல் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்களுக்கு நாளொன்றுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது இதில் வராது, அது தனி. நர்ஸ் காசு வாங்கிக்கொண்டு உங்கள் மாமியாருக்கு ஊசி போட்டால் அது நாட்டு வருமானத்தில் ஏறும், நீங்கள் போட்டால் ஏறாது. ஊசி என்னவோ அதேதான்!

விபத்தில் இல்லத்தரசி இறந்தால் அவர் உழைப்புக்கு ஒரு வருமானம் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இலும் சொன்னது. செத்த பிறகாவது கணக்குப் போடுகிறார்கள். உயிரோடு இருக்கும்போது "வீட்டு மகாலட்சுமி" பட்டத்தோடு சரி. எனக்கு அந்தப் பட்டத்தைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. வீட்டுக்காரரிடம் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் அது சென்னைத் தீர்ப்பு, கர்நாடகத்தில் அப்படியே செல்லும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கிரயப் பத்திரத்தில் பெயர் இருப்பதுதான் கெட்டி. வருமானம் இல்லாவிட்டாலும் உங்களை இணை உரிமையாளராகச் சேர்க்கலாம். வங்கி பெரும்பாலும் கடனிலும் உங்கள் கையெழுத்தைக் கேட்கும், அப்போது கடனுக்கு நீங்களும் பொறுப்பு, அதைப் புரிந்துகொண்டு போடுங்கள். கணக்கு எழுதினவருக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பத்திரம் பதிவதற்குள் பேசிவிடுங்கள், அப்புறம் மாற்றுவது செலவு. உங்கள் பான் கார்டு எந்த டப்பாவில் இருக்கிறது, முதலில் அதைத் தேடி எடுங்கள்.