டிரம்முக்குள் எரித்தாலும் எரிப்புதான்

கேள்வி: செகாம்புட்டில் வரிசை வீடு வாங்கிக் குடியேறி ஈராண்டு ஆகிறது. எங்களை ஒட்டிய மூலை வீட்டில் மா, ரம்புத்தான் என்று பெரிய தோட்டம். அந்த வீட்டு அங்கிள் வாரத்தில் நான்கைந்து நாள், சாயங்காலம் ஆறு மணியானால், சருகையும் வெட்டிய கிளையையும் பழைய எண்ணெய் டிரம்மில் போட்டுக் கொளுத்துகிறார். சில நாள் பிளாஸ்டிக் நாற்றமும் அடிக்கிறது. காயப்போட்ட துணி, ஹால், படுக்கையறை எல்லாம் புகை. ஏழு வயது மகனுக்கு ஆஸ்துமா. கேட்டால், "இருபத்தைந்து வருஷமா எரிக்கிறேன், நீங்க நேத்து வந்தவங்க. டிரம்முக்குள்ளதானே எரிக்கிறேன், கொசுவுக்கும் நல்லது" என்கிறார். இன்னொரு நாள், "தோட்டக்காரன் கொளுத்தினா நான் என்ன பண்றது?" என்றார். போகிக்கு நாங்களும் எரித்ததைச் சொல்லிக் காட்டுகிறார். வழக்குப் போடலாமா? புகார் செய்தால் என் பெயர் வெளியே தெரியுமா?
— வாசகி, கோலாலம்பூர்

பதில்: வழக்குப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அம்மா. உங்களுக்கு வேண்டியது நஷ்டஈடா, அந்த நெருப்பு நிற்பதா? கடிதத்தைப் படித்தால் இரண்டாவதுதான் என்று தெரிகிறது. அதற்கு வழக்கைவிடக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அங்கிள் சொல்லும் சமாதானங்களில் பாதிக்கு அந்தச் சட்டத்திலேயே பதிலும் இருக்கிறது.

1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. 1997-இல் நாட்டையே மூடிய புகைமூட்டத்துக்குப் பிறகு, 1998-இல் சேர்த்த பிரிவு அது. காட்டை அழிப்பவர்களுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக் கொல்லைக்கும் இதே சட்டம்தான். புகைபோக்கி வழியாகப் போகாமல் வெட்டவெளியில் எரிகிற, கனல்கிற எதுவும் திறந்தவெளி எரிப்பு என்பது சட்டம் தரும் விளக்கம். டிரம் புகைபோக்கி ஆகாது. தண்ணீர் தெளித்துவிட்டு "நெருப்பே இல்லை, வெறும் புகைதான்" என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் கனல்வதும் அந்த விளக்கத்துக்குள் வந்துவிடுகிறது.

தோட்டக்காரர் கதை 29பி பிரிவில் அடிபட்டுப் போகும். ஓர் இடத்தில் எரிப்பு நடந்தால், அந்த இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் உரிமையாளரோ குடியிருப்பவரோதான் குற்றம் செய்தார் என்று சட்டம் முதலிலேயே அனுமானித்துக்கொள்கிறது. தன் கட்டுப்பாட்டை மீறி, தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன் என்று அவர் நிரூபித்தால் தப்பலாம். வாரத்தில் நான்கு நாள், அதே டிரம், அதே ஆறு மணி. இதை வைத்துக்கொண்டு "எனக்குத் தெரியாது" என்று எந்த அதிகாரியிடம் சொல்வார்?

இந்தப் பிரிவில் உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. உங்கள் மகனுக்கு மூச்சு திணறியது, துணி நாறியது என்று எதையும் நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. எரித்ததே குற்றம். 2024-இல் சட்டத்தைத் திருத்தியபோது அபராதத்தின் உச்சவரம்பை ஐந்து லட்சம் ரிங்கிட்டிலிருந்து பத்து லட்சமாக ஏற்றினார்கள். ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. சருகு எரித்த பெரியவருக்கு யாரும் பத்து லட்சம் போடப்போவதில்லை. எச்சரிக்கையோடு விடுவதும், நீதிமன்றம் போகாமல் தண்டத்தொகை கட்டவைக்கும் கம்பவுண்ட் போட்டு முடிப்பதும் உண்டு. அதனால் வேலியோரம் நின்று இந்தத் தொகையைச் சொல்லி மிரட்டாதீர்கள். மிரட்டலைத்தான் அவர் நினைவில் வைத்திருப்பார், சட்டத்தை அல்ல.

புகாரை சுற்றுச்சூழல் துறைக்குக் கொடுக்கலாம். இலவச எண் 1-800-88-2727. கோலாலம்பூர் மாநகர மன்றமான டிபிகேஎல்லுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், தொல்லைகளை அகற்றும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றத்துக்கும் உண்டு. நெருப்பு வேலிக்கோ கூரைக்கோ தாவும்போல் இருந்தால் யோசிக்காமல் 999-ஐ அழைத்துவிடுங்கள், பொம்பா (தீயணைப்புப் படை) வரும். மற்ற நாளில், அதிகாரி வந்து பார்க்கும் நேரத்தில் டிரம் ஆறியிருக்கும் என்பதுதான் நடைமுறைச் சிக்கல். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன நாற்றம், காற்று எந்தப் பக்கம், வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று. உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே வீடியோ எடுங்கள், அதைத் தொலைபேசியிலிருந்து அழிக்காதீர்கள். கிளினிக் ரசீதுகளையும் அதே கோப்பில் வையுங்கள். அன்றைய காற்றுத் தூய்மைக் குறியீடு நல்ல நிலையில்தானே இருந்தது என்று யாராவது கேட்டால் அசர வேண்டாம். அந்தக் குறியீட்டுக்காக நிலையம் அளப்பது வட்டாரக் காற்றை, உங்கள் படுக்கையறைக் காற்றை அல்ல.

பெயரை வெளியிட வேண்டாம் என்று புகாரிலேயே எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் விவகாரம் நீதிமன்றம் வரை போய் நீங்கள் சாட்சியானால் மறைத்து வைக்க முடியாது. அதோடு, ஒட்டிய சுவரில் இருப்பது நீங்கள் ஒருவர்தான். யார் புகார் செய்திருப்பார் என்று அங்கிள் அதிக நேரம் யோசிக்கமாட்டார்.

இனி போகி. அவர் சும்மா குத்திக் காட்டுகிறார் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சமயச் சடங்குக்காக மூட்டும் நெருப்பு, உணவைச் சுடும் நெருப்பு போன்றவற்றுக்கு 2003-ஆம் ஆண்டு ஆணை ஒன்று விலக்கு தருகிறது. புகைமூட்டக் காலத்தில் காற்று மோசமானால் அந்த விலக்கையும் நிறுத்தி வைக்க அதிகாரம் உண்டு. ஹோமம், சூடம், சாம்பிராணி பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஆனால் போகி என்ற பெயரில் பழைய மெத்தையையும் பிளாஸ்டிக் வாளியையும் போட்டுக் கொளுத்தினால், அது சடங்கு என்று உங்களுக்காக வாதாட நான் வரமாட்டேன். அப்படி ஏதாவது எரித்திருந்தால் அடுத்த பொங்கலுக்கு விட்டுவிடுங்கள். உங்கள் புகாருக்கு அதுவே பலம்.

கொசு வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். ஏடிஸ் கொசு பெருகுவது தேங்கிய தண்ணீரில். அந்த டிரம்மிலேயே மழைநீர் தேங்குகிறதா என்று அவர் பார்ப்பது நல்லது.

சரி, வழக்கு. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் வழியாக நம்மிடம் வந்த ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, அண்டை வீட்டாரின் தொல்லைக்காக நீங்கள் வழக்குத் தொடரலாம். ஆறு ஆண்டு காலக்கெடு. 2015-இல் சிலாங்கூர் குடியிருப்பு ஒன்றின் காவல் தடுப்பு பற்றிய வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தொட்டது: சின்னச் சின்ன அசௌகரியம் போதாது, சராசரி மனிதரின் அளவுகோலில் வாழ்க்கை வசதி மெய்யாகவே பாதிக்கப்பட வேண்டும். இதனால்தான், சொல்லக் கஷ்டமாக இருந்தாலும், மகனின் ஆஸ்துமாவை மையமாக வைத்து வழக்கைக் கட்ட வேண்டாம் என்கிறேன். "அந்தப் பிள்ளைக்கு உடம்பு அப்படி, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லையே" என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். நோயில்லாத ஆளும் சன்னலைச் சாத்திக்கொண்டு கிடக்க வேண்டியிருக்கிறது, துணி காயப்போட முடியவில்லை, வாரத்தில் நான்கு நாள் இப்படி என்பதுதான் உங்கள் முதல் வரி. எதிர் வரிசை வீட்டுக்காரர் ஒருவர் அதையே சொன்னால் இன்னும் நல்லது. மருத்துவ ஆதாரம் அதற்குப் பின்னால் வரட்டும்.

இருபத்தைந்து வருட வாதம் நிற்காது. தொல்லை இருக்கும் இடத்துக்குத் தெரிந்தே குடிவந்தாலும் கேட்கும் உரிமை போய்விடாது என்பது பழைய விதி. இங்கிலாந்தில் இருபது வருடம் தடையில்லாமல் செய்தால் உரிமையாகிவிடும் என்று வாதாட ஓரளவு இடம் உண்டு. நம் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத் தொகுப்போ, நீண்டகாலப் பழக்கத்தால் அப்படிப்பட்ட உரிமை பிறக்காது என்று கதவைச் சாத்திவிட்டது.

ஐயாயிரம் ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 198-ஆம் பாரம் நிரப்பித் தாக்கல் செய்யலாம். ஆனால் அங்கே கிடைப்பது பணம்தான், எரிப்பை நிறுத்தும் உத்தரவு அல்ல. தடையுத்தரவுக்கு செஷன்ஸ் நீதிமன்றம் போக வேண்டும். 2013 முதல் அதற்கு அந்த அதிகாரம் உண்டு. செலவும் மாதங்களும் பிடிக்கும். இப்போதைக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

வேலிக்கு மேலாகக் குழாயை நீட்டி டிரம்மில் தண்ணீர் பாய்ச்சத் தோன்றும். வேண்டாம், அத்துமீறல் உங்கள் தலையில் விழும். அவர் முகம் தெரியும் வீடியோவைத் திட்டலோடு டிக்டாக்கிலோ தாமான் (குடியிருப்பு) வாட்சாப் குழுவிலோ போடாதீர்கள். அவதூறு வழக்கும், இணையத்தில் பிறரைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கும் தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவும் உங்கள் பக்கம் திரும்பும்.

புகாருக்கு முன் ஒரு முயற்சி மீதம் இருக்கிறது. கோலாலம்பூரில் குப்பை எடுப்பது வாரத்துக்கு இரண்டு நாள் வழக்கமான குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், தோட்டக் கழிவு, பெரிய சாமான் என்ற கணக்கு. குப்பை எடுக்கும் நிறுவனமான அலாம் புளோராவின் லாரி அந்த மூன்றாவது நாளில் சருகையும் கட்டிவைத்த கிளையையும் எடுத்துக்கொண்டு போகும். இது தெரியாத பெரியவர்கள் நிறைய பேர். உங்கள் கணவரோ வயதில் மூத்த ஒருவரோ ஒரு கட்டு குப்பைப் பையோடு போய், "அங்கிள், லாரி வர்ற நாள் இது, கட்டிவைங்க, வாசலுக்குத் தூக்கிவர நான் ஒத்தாசை பண்றேன்" என்று சொல்லட்டும். சருகுக்குப் போக வேறு வழி இருக்கும்போதும் அவர் எரித்தால், பின்னால் அவருக்குச் சாக்கும் இராது. பேச்சு முறிந்தால் உங்கள் வட்டாரத்து ருக்குன் தெத்தாங்காவை (அக்கம்பக்கத்தார் குழுவை) கேளுங்கள். சமரசம் பேசுவதும் அவர்கள் வேலைதான், 2012-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருக்கிறது.

அதற்கும் அசையாவிட்டால், என்னிடம் வருவதற்கு முன் நீங்களே ஒரு பக்கக் கடிதம் எழுதி பெற்றதற்கு ஒப்புகை கிடைக்கும் ஏ.ஆர். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எந்தெந்த நாள் எரித்தார் என்ற பட்டியல், 29ஏ பிரிவின் பெயர், 14 நாள் அவகாசம். அவ்வளவு போதும், வசைச்சொல் ஒன்றும் வேண்டாம். பதினைந்தாம் நாளும் டிரம் புகைந்தால் அந்தக் கடிதத்தின் பிரதியையும் நோட்டுப் புத்தகத்தையும் இணைத்துச் சுற்றுச்சூழல் துறைக்குப் புகாரை அனுப்பிவிடுங்கள்.