சலைன் ஊசிக்குப் பிறகு புறங்கை மரத்துப் போயிருக்கிறதா?

கேள்வி: காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாகச் சலைன் ஊசி போட்டார்கள். குத்தும்போதே கட்டைவிரல் வரை ஷாக் அடித்த மாதிரி சுரீரென்றது. ஊசியை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கை மரத்துக் கிடக்கிறது. வளையல் உரசினால் எரிகிறது. நான் தையல் வேலை செய்பவள். நரம்பு அறுந்துவிட்டதா? கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போய்விடுமா?

பதில்: பிடி போகாது. நீங்கள் சொல்கிற இடத்துக்கு உணர்வு தருவது ரேடியல் நரம்பின் மேலோட்டமான கிளை. அது எந்தத் தசையையும் இயக்குவதில்லை. தோலின் உணர்வை மட்டும் சுமக்கிறது.

முழங்கை மடிப்புக்கு அருகே ரேடியல் நரம்பு இரண்டாகப் பிரிகிறது. ஆழமாகப் போகும் கிளை, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகளுக்கு. மற்றதுதான் உங்களுடையது. டம்ளரைப் பிடிப்பது போல் கட்டைவிரல் மேலே இருக்க முழங்கையை மடக்கி, இடது கையால் அதைக் கீழே அழுத்திப் பாருங்கள். முன்கையின் மேல்பக்கம் ஒரு தசை புடைக்கும். அதன் அடியில் இந்த நரம்பு பத்திரமாக ஓடுகிறது. மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க எலும்பு முனைக்குச் சுமார் 8-9 செ.மீ. மேலே, இரண்டு தசைநாண்களுக்கு (தசையை எலும்போடு இணைக்கும் நார்) நடுவிலிருந்து வெளியே வந்து தோலுக்கு அடியிலேயே போகத் தொடங்குகிறது. தொல்லையெல்லாம் அங்கிருந்துதான்.

ஏனென்றால் அதற்குப் பிறகு பாதுகாப்பாகச் சதை எதுவும் இல்லை. தோல், கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். போதாததற்கு, சலைன் போட வாகாகத் தெரியும் பெரிய சிரை ஒன்றும் பக்கத்திலேயே ஓடுகிறது. கிளைகள் அதன் மேலும் கீழும் குறுக்கிடும். ஆளுக்கு ஆள் அமைப்பு வேறு, வெளியே தெரியவும் தெரியாது. கைதேர்ந்த நர்ஸ் குத்தினாலும் இப்படி ஆகலாம்.

நல்ல கையில் இதைத் தொட்டே பார்க்கலாம். கட்டைவிரலை நன்றாக விரித்து நிமிர்த்தினால் அதன் பின்புறம் ஒரு தசைநாண் விறைத்து நிற்கும். அதன் மேல் நகத்தை நீளவாக்கில் மெல்ல ஓட்டினால், மெல்லியதாக ஏதோ ஒன்று குறுக்கே உருளும். அதுதான் நரம்புக் கிளை.

அறுந்துவிட்டதா என்றால், ஊசி முனை நரம்பை முழுதாக அறுப்பது அரிது. உரசியிருக்கும், அல்லது உள்ளே கசிந்த ரத்தமும் வீக்கமும் அழுத்தியிருக்கும். வெறும் அழுத்தம் என்றால் சில வாரங்களில் தெளியும். உள் இழைகள் சேதப்பட்டிருந்தால் அவை நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வேகத்தில்தான் வளரும், மணிக்கட்டிலிருந்து விரல் வரை என்றால் மூன்று மாதத்துக்குக் குறையாது. குத்திய இடத்தைத் தட்டும்போது வரும் 'சுரீர்' வாரா வாரம் விரலை நோக்கி நகர்ந்தால் நல்ல அறிகுறி.

இதே நரம்பு ஊசி இல்லாமலும் நசுங்கும். 1932-இல் ராபர்ட் வார்ட்டன்பர்க் என்ற நரம்பியல் மருத்துவர் இதை விவரித்தார். இறுக்கமான வாட்ச், காப்பு, கைவிலங்கு எல்லாம் காரணமாகலாம். உங்கள் வேலையிலும் ஒரு சங்கதி உண்டு. உள்ளங்கையைக் கீழே திருப்பும்போது நான் சொன்ன இரண்டு தசைநாண்களும் நெருங்கி, நடுவில் வரும் நரம்பைக் கத்தரி போல இடுக்குகின்றன. துணி வெட்டும்போது கை அப்படித்தானே இருக்கிறது? அதனால் ஒரு மாதத்துக்கு வெட்டும் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வலது கை வளையல், வாட்ச் இரண்டும் வேண்டாம். நரம்பு தட்டுகிறேன், எண்ணெய் போட்டு உருவுகிறேன் என்று யாராவது வந்தால் கையைக் கொடுக்காதீர்கள்.

எரிகிற தோலைப் பொத்தியே வைத்திருந்தால் கூச்சம் அதிகமாகும். வெட்டுத் துணிதான் உங்களிடம் நிறைய இருக்குமே: முதலில் பட்டுத் துணி, பழகியதும் காட்டன், அப்புறம் சொரசொரப்பான துணி என்று தினம் சில தடவை, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாகத் தடவுங்கள். சாதாரண வலி மாத்திரை இந்த எரிச்சலுக்கு அவ்வளவாகக் கேட்காது. தூக்கம் கெடுகிறது என்றால் ப்ரீகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை டாக்டர் தருவார். கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரை இருந்தால் நரம்பு தேறத் தாமதமாகும்.

மரத்துப்போன இடத்தைப் பேனாவால் கோடு போட்டுக் குறித்துப் பாருங்கள். உள்ளங்கைப் பக்கமும் விரல் நுனிகளும் மரத்தால் அது வேறு நரம்பு, மணிக்கட்டுச் சுரங்கப் பிரச்சினையாக (மணிக்கட்டுக்குள் அந்த நரம்பு நசுங்குவது) இருக்கலாம். கழுத்தைத் திருப்பும்போது கை முழுக்க இழுத்தால் கோளாறு கழுத்தில். கட்டைவிரலையோ மணிக்கட்டையோ நிமிர்த்தவே முடியவில்லை என்றால் ஆழமான கிளையைச் சந்தேகிக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். கட்டைவிரல் தசைநாண் வீக்கம் இதோடு எளிதில் குழம்பும். கட்டைவிரலை உள்ளே மடக்கி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் இரண்டிலும் வலிக்கும். ஆனால் தசைநாண் வலி பெரும்பாலும் அசைத்தால்தான். நரம்பு எரிச்சல் கை சும்மா இருக்கும்போதும் வரும், மரப்பும் கூடவே இருக்கும்.

குத்திய இடம் சிவந்து வீங்கினாலோ, கை நிறம் மாறி அளவுக்கு மீறி வியர்த்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்தும் மாற்றமே இல்லை, அல்லது தொட்டால் ஷாக் அடிக்கும் சின்னக் கட்டி தெரிகிறது என்றால் கை அறுவை நிபுணரைப் பாருங்கள். இனி ஊசி போட வரும்போது மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் வேண்டாம், கொஞ்சம் மேலே முன்கையில் போடுங்கள் என்று சொல்லலாம். குத்தியதும் விரலுக்குச் சுரீரென்று ஓடினால், பொறுத்துக்கொள்ளாமல் அப்போதே எடுக்கச் சொல்லுங்கள்.