மிஷன் போகிற மகனின் படிப்பு என்ன ஆகும்?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ முடித்த கையோடு தம்பிக்கு பிலிப்பைன்ஸில் செபு பக்கம் மிஷன் அழைப்பு, அதாவது மார்மன் சபையின் முழுநேர ஊழியத்துக்கான அழைப்பு, வந்திருக்கிறது, அவன் சந்தோஷத்தில் மிதக்கிறான், நீங்கள் இரண்டு வருடப் படிப்பு போச்சே என்று தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள். போவதா வேண்டாமா என்பது அவனுடைய விசுவாசம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அவன் திரும்பி வரும் நாளில் கல்லூரிக் கதவு திறந்திருக்க வேண்டும் என்றால், விமானம் ஏறுவதற்கு முன்பே சில வேலைகளை முடித்தாக வேண்டும்.

அங்கே நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருந்தீர்கள். காலை ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, ஜெபம், வேதம் படிப்பு, மொழிப் படிப்பு, பிறகு வெளியே கிளம்பி வீடு வீடாக, தெருத் தெருவாக ஆட்களைப் பார்ப்பது. இரவு பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். சினிமா கிடையாது, காதல் கிடையாது, சம்பளமும் கிடையாது. கூடவே ஒரு துணை மிஷனரி எப்போதும் இருப்பான், குளியலறை தவிர வேறு எங்கும் தனியாக இருக்க முடியாது. அந்தத் துணையும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாறலாம், ஊரும் மாறலாம். நம் வீட்டில் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வளர்ந்த பையனுக்கு வெயிலும் சாப்பாடும் பழகிவிடும், இதுதான் பழகக் கஷ்டம்.

என்னிடம் வரும் மாணவன் ஒருவன் அதே பகுதியில் மிஷன் முடித்து வந்தவன். போன புதிதில் அந்தப் பக்கத்து மொழியான செபுவானோவில் அவனுக்குத் தெரிந்தது 'மாயோங் புந்தாக்' மட்டும்தான், அதாவது காலை வணக்கம். கதவைத் திறந்தவர்களிடம் அதைச் சொல்லிவிட்டு, அவர்கள் பதிலுக்குப் பேசுவது ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே நிற்பானாம். வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, சொந்த வேலைக்கான நாள். அன்றைக்கு வாளியில் வெள்ளைச் சட்டைகளை ஊற வைத்து, காலரில் படிந்த கறுப்பு வளையத்தை பிரஷ் போட்டுத் தேய்த்து, மழைக்காலமாக இருந்தால் அறைக்குள்ளேயே கயிறு கட்டி ஃபேனுக்கு அடியில் காயப் போடுவான். இங்கே இருந்தவரை தன் கைக்குட்டையைக்கூடத் துவைத்ததில்லை என்று அவன் அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். இப்போது செபுவானோ சரளமாகப் பேசுகிறான், முன்பின் தெரியாதவரிடம் போய்ப் பேசக் கூச்சமே இல்லை.

வீட்டுக்குப் பேச முடியுமா என்ற பயம் வேண்டாம். முன்பெல்லாம் வருடத்துக்கு இரண்டே அழைப்புதான், 2019லிருந்து வாராவாரம் பேசலாம்.

சரி, படிப்புக்கு வருவோம். ஆண்களுக்கு மிஷன் 24 மாதம். ஜேஇஇ அட்வான்ஸ்டை பிளஸ் டூ எழுதும் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும்தான் எழுதலாம், ஆக அவன் திரும்பும்போது ஐஐடி வழி மூடியிருக்கும். ஐஐடிதான் அவன் கனவு என்றால் அதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள், இரண்டு வருடம் கழித்துத் தெரியவந்தால் யாரை நொந்துகொள்வது? தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் பொறியியல் கலந்தாய்வு அப்படியில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, வயது வரம்பு இல்லை, முந்தைய ஆண்டுகளில் தேறியவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பம் மே, ஜூனில் வரும், அப்போது அவன் கடைசி மாதங்களில் அங்கே இருப்பான். விண்ணப்பத்தை நீங்கள்தான் போட வேண்டியிருக்கும். திரும்பும் தேதி கல்லூரி திறக்கும் நாளோடு மோதினால், சில வாரம் முன்பின் மாற்ற முடியுமா என்று சபைத் தலைவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். படிப்புக்காக அப்படி மாற்றிக் கொடுப்பது உண்டு.

இன்னொன்று, இது சின்ன விஷயமாகத் தெரியும், இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். அவனுடைய ஆதாரோடு இணைத்த சிம் கார்டை வீட்டில் ஒரு பழைய போனில் போட்டு மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். அது செத்துப் போனால் ஓடிபி வராது, ஓடிபி வராவிட்டால் விண்ணப்பம் நகராது. மார்க்‌ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து வையுங்கள், ஒரிஜினல் எதுவும் அவனோடு போகக் கூடாது.

வேலைக்குப் போகும்போது இந்த இரண்டு வருடத்தைப் பற்றிக் கேட்பார்கள். மறைக்க வேண்டாம். முழுநேரத் தன்னார்வச் சேவை, பேசும் மொழி, புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தால் அது, என்று நேராக எழுதட்டும். தைவானில் மிஷன் செய்து சீன மொழி கற்ற ஜான் ஹன்ட்ஸ்மன் பிற்பாடு சீனாவுக்கான அமெரிக்கத் தூதராகவே ஆனார். எல்லோருக்கும் அப்படி அமையாது, ஆனாலும் கற்ற மொழி வீண் போகாது.

அப்புறம் ஒன்றை அவனிடம் கிளம்பும் முன்பே நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடம்போ மனமோ தாங்காமல் நடுவில் திரும்பி வந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம், வந்துவிடு என்று. பாதியில் வந்த பிள்ளைகள் வெட்கத்தில் ஆறு மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அது என்னால் தாங்க முடியாத காட்சி.

பயணத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அழைப்புக் கடிதத்தையும் மார்க்‌ஷீட்டையும் எடுத்து வந்தால், திரும்பும் தேதியை வைத்து எந்தெந்தக் கல்லூரி சரிவரும் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.